உட்கார ஓர் இடம்

ஓர் ஊரின் செல்வத்தை அளப்பதற்குப் பலர் பல அளவுகோல்களைக் கூறுவர். கடைவீதியின் நீளத்தைக் கொண்டு அளப்பவர் உண்டு. வங்கிகளின் தொகையைக் கொண்டு அளப்பவர் உண்டு. வீதியோரத்தில் நெருங்கி நிற்கும் வாகனங்களைக் கண்டு வியப்பவரும் உண்டு. எனக்கோ வேறோர் அளவுகோல் தோன்றுகின்றது. கையில் காசில்லாத ஒருவர், எவரிடமும் அனுமதி கேளாமல், எவராலும் விரட்டப்படாமல், மாலைப்பொழுதில் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருக்க அவ்வூரில் இடம் உண்டா? உண்டெனில் அது வளமுள்ள ஊர். இல்லையெனில், அங்கே எத்தனை மாடிக் கட்டடங்கள் எழுந்தாலும் அதனைப் பெரிய சந்தை என்று சொல்லலாமேயன்றி ஊர் என்று சொல்ல மனம் வருவதில்லை.

இவ்வெண்ணம் நமக்குப் புதியதன்று. மரத்தடியில் ஊரார் கூடியிருந்த வெளியை மன்றம் என்றும் பொதியில் என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். மணிமேகலைக் காப்பியத்தில் காவிரிப்பூம்பட்டினத்துப் பூஞ்சோலைகள் பெயர் பெயராக எண்ணிச் சொல்லப்படுகின்றன. இலவந்திகை, உய்யானம், சம்பாதி வனம், கவேர வனம், உவவனம் எனச் செல்லும் அவ்வரிசையில், இன்ன சோலை அரசனுக்குரியது, இன்னது புகுதற்கு அஞ்சத்தக்கது, இன்னது செல்லத் தக்கது என்ற பாகுபாடும் உண்டு. ஒரு நகரத்துச் சோலைகளில் யார் எங்கே போகலாம் என்னும் கேள்வி அக்காலத்திலேயே எழுந்துவிட்டது என்பதை அதனால் அறிகிறோம். இன்று பசறையில் அதே கேள்வியைத்தான் நான் கேட்கிறேன்.

பதுளையிலிருந்து கிழக்கே லுணுகலை, பிபிலை, மொனராகலை நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் அமைந்தது எங்கள் பட்டினம். ஒருபுறம் நமுனுகுலை மலை, சுற்றிலும் தேயிலை. முன்னர்த் தோட்டத்து மக்கள் சம்பளம் பெற்ற மறுநாள் சாமான் வாங்க வந்துபோகும் கடைவீதியாகத்தான் இவ்வூர் அநேகருக்குத் தெரியும். இன்று நிலைமை அதுவன்று. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் படித்து உத்தியோகம் பெற்று, பட்டினத்தருகே துண்டு நிலம் வாங்கிக் குடியேறுகின்றனர். கடை வைத்தவர்கள், முச்சக்கர வண்டி ஓட்டுபவர்கள், கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்துப் பணம் அனுப்புபவர்களின் குடும்பங்கள் எனப் பலரும் வீதியின் இருமருங்கிலும் வீடு கட்டுகின்றனர். பதுளை நகரம் பசறை வீதி வழியாகக் கிழக்கே நீள்கின்றது. பசறையும் தன் பங்குக்கு நாற்புறமும் நீள்கின்றது. சமதரையென்று சொல்லத்தக்க இடங்களே மலைநாட்டில் அரிது. அந்த அரிய இடங்களின் மேல்தான் எல்லோருடைய கண்ணும் விழுகின்றது. கடைக்கும் அதே தரை வேண்டும். வாகனத் தரிப்பிடத்துக்கும் அதே தரை வேண்டும். பிள்ளைகளின் விளையாட்டுக்கும் அதே தரைதான் வேண்டும். இப்போட்டியில் முதலில் தோற்பவர்கள் பிள்ளைகளே. அவர்களுக்கு வாக்கும் இல்லை, வாடகை கொடுக்கும் வசதியும் இல்லை.

முப்பத்துநான்கு கட்டுரைகள்

சில மாதங்களுக்கு முன்பு பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு, "எங்கள் ஊர்ப் பூங்கா" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். முப்பத்துநான்கு கட்டுரைகள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை எங்கள் ஊரைப் பற்றியனவாக இல்லை. சுற்றுலா சென்றபோது கண்ட நுவரெலியா விக்டோரியா பூங்காவை ஒருவன் பசறைக்குத் தூக்கிவந்து வைத்திருந்தான். வேறொருத்தி பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பனைமர வரிசையை அப்படியே வருணித்து, முடிவில் "இது எங்கள் ஊருக்குப் பெருமை" என்று எழுதியிருந்தாள். வழிகாட்டி நூலிலிருந்து எடுத்த வண்ணத்துப் பூச்சிகளும் நீரூற்றுகளும் பல தாள்களில் ஒரே எழுத்துப் பிழையோடு காணப்பட்டன.

ஒரு மாணவி மட்டும் ஒன்றரைப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். பஸ் தரிப்பிடமே தன் பூங்கா என்பது அவள் கட்டுரையின் சாரம். அங்கே கூரை உண்டு, இருக்கை உண்டு, நாலு மனிதர் முகத்தைப் பார்க்கலாம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப்போல் இருந்தால் எவரும் எதுவும் கேட்பதில்லை. ஆகையால் தானும் தோழியும் சில நாட்களில் ஒரு பஸ்ஸை வேண்டுமென்றே தவறவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாள். மைதானத்துக்கு ஏன் போவதில்லை என்பதற்கு ஒரு வரியில் விடை இருந்தது: பன்னிரண்டு வயதுக்குப் பின் அங்கே போனால் "உனக்கென்ன வேலை?" என்று கேட்கிறார்களாம்.

அக்கட்டுரைக்கே அதிக புள்ளி வழங்கினேன். வகுப்பில் வாசித்தபோது மற்றவர்கள் சிரித்தனர்; பின்னர் சிரிப்பு அடங்கிற்று. ஒரு மாணவன் எழுந்து, "சேர், நாங்களும் அங்கேதான் நிக்கிறோம்" என்றான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஓய்வாக இருப்பதற்குப் பயணிகளைப்போல் நடிக்க வேண்டியிருக்கிறது என்பதை அன்று நாங்கள் எல்லோரும் ஒருமிக்க உணர்ந்தோம்.

தோட்டத்தின் பழைய வெளிகள்

நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த காலத்தில், வாழ்க்கையின் பெரும்பகுதி வெளியிலேதான் நடந்தது. எங்களுக்குப் பூங்கா என்ற சொல் தெரியாது. ஆனால் வெளிகள் இருந்தன. அதிகாலையில் பெயர் கூப்பிட்டு வேலை பகிரும் பெரட்டுக்களம், மாலையில் எங்கள் பந்தாட்டக்களமாக மாறும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் திண்ணை, வேலை முடிந்தபின் பெரியவர்கள் கதை பேசும் இடம். பிள்ளைக்காம்பராவின் முன்முற்றம் சிறு குழந்தைகளுக்கு உரியது.

இவை எல்லாவற்றிலும் மேலானது காமன் பொட்டல். மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றியதும் அங்கே காமன் ஊன்றுவார்கள். அதன்பின் தப்பொலி கேட்காத இரவில்லை. ரதியும் மதனும் ஆடுவதைக் காணத் தோட்டம் முழுவதும் திரளும். காமதகனம் வரையில் அந்தச் சிறு வெளி ஒரு நாடக அரங்கு. ஆண்டின் மற்ற நாட்களில் அங்கே எவரும் வீடு கட்டமாட்டார், குப்பை கொட்டமாட்டார், மாட்டையும் கட்டமாட்டார். அதைக் காக்க ஒரு சட்டமும் இருக்கவில்லை, காவற்காரரும் இருக்கவில்லை. அந்த இடம் எல்லோருக்கும் உரியது என்ற எண்ணமே அதற்கு வேலியாக இருந்தது. பொதுவெளியைப் பரிபாலிக்கும் கலை தோட்டத்து மக்களுக்குத் தெரியாது என்று கூறுவோர் காமன் பொட்டலை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே மலைகளில் துரைமாருக்கு வேறு வகையான வெளிகள் இருந்தன. நுவரெலியாவில் 1889 ஆம் ஆண்டு கொல்ப் கழகம் தோன்றிற்று. விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாக 1897 இல் அந்நகரத்துப் பூங்கா பெயர் பெற்றது. தோட்ட மாவட்டந்தோறும் துரைமாரின் கழகங்கள், டென்னிஸ் களங்கள், கிரிக்கெட் மைதானங்கள் எழுந்தன. பதுளையில் அரசாங்கம் 1886 ஆம் ஆண்டு ஒரு கிளைத் தாவரவியல் தோட்டத்தை அமைத்தது. அதே 1886 இல், கடல் கடந்த அமெரிக்காவில், நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை கோரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இருபத்துநான்கு மணியை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கு உழைப்புக்கு, ஒரு பங்கு உறக்கத்துக்கு, ஒரு பங்கு தம் மகிழ்ச்சிக்கு என்ற கொள்கையை இங்கிலாந்தில் ராபர்ட் ஓவன் அதற்கும் முன்பே, 1817 ஆம் ஆண்டளவில், எடுத்துரைத்தார். அந்த மூன்றாம் பங்கைப் பற்றி எங்கள் மலைகளில் எவரும் பேசவில்லை.

அதன் விளைவு இன்னும் நீங்கவில்லை. பெற்றோர் கூட்டமொன்றில் பூங்காவைப் பற்றி நான் பேசியபோது, பல்லாண்டு கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு பாட்டி, "பார்க்கா சேர்? நாங்க மலையில ஒக்காந்தா கங்காணி சத்தம் போடுவாரு. ஒக்காரவே பழகலையே!" என்றார். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார். உட்காரப் பழகாத ஒரு தலைமுறை என்பதை எந்தச் சரித்திர நூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியதை நான் கண்டதில்லை.

சட்டம் போட்ட வேலி

பூங்கா அமைப்பதும் மைதானம் பேணுவதும் உள்ளூராட்சி மன்றங்களின் கடமைகள். நாட்டின் கிராமப் புறங்களிலும் சிறு பட்டினங்களிலும் அக்கடமையை ஏற்பதற்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோற்றுவிக்கப்பட்டன. எங்கள் ஊருக்கும் பசறைப் பிரதேச சபை உண்டு. ஆனால் அச்சட்டத்தின் அமைப்பினால் மலையகத்துக்கு ஒரு விசித்திரமான நிலை உண்டாயிற்று. தோட்டங்கள் சபையின் எல்லைக்குள் இருந்தன. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்தனர். ஆயினும் தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதற்கு வழி அடைபட்டிருந்தது. பெருவீதியோடு சபையின் கை நின்றுவிடும். தோட்டத்துப் பாதையும் வெளியும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று கூறப்படும். தோட்ட நிர்வாகமோ தேயிலை வளர்ப்பதற்கே தான் இருப்பதாகக் கூறும். 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியது. நிலம் அரசுடைமையாகவே இருந்தது. இவ்வாறு இரு கதவுகளுக்கு இடையில் எங்கள் மக்கள் நின்றனர்.

2018 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. தோட்டக் குடியிருப்புகளில் வீதி, கிணறு முதலிய பொதுவசதிகளைச் செய்ய அதன்பின் சபைகளுக்கு இடம் கிடைத்தது. முப்பதாண்டுகள் மூடியிருந்த கதவு திறந்தது என்பது உண்மை. ஆனால் கதவு திறந்தவுடன் உள்ளே நடக்க வேண்டும் அன்றோ? நடப்பதற்குள் இடர்கள் பல வந்தன. நோய்த்தொற்றுக் காலம் வந்தது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெறும் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இல்லாதிருந்தனர். இப்பொழுது சபைகள் மீண்டும் கூடுகின்றன. வீதிக்கும் நீருக்கும் விளக்குக்கும் மனுக்கள் குவியும். அவற்றின் நடுவே, "எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வெளி வேண்டும்" என்று எழுதப்பட்ட மனு ஒன்றும் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

"கூலிக்கே போராடும் மக்களுக்குப் பூங்கா எதற்கு?" என்று சிலர் கேட்பர். நாட்கூலி 1,000 ரூபாவை 2021 இல் எட்டுவதற்கே எத்தனை ஆண்டுகள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் வசதியுள்ளவருக்கு வீட்டு முற்றம் உண்டு. விடுமுறைக்கு நுவரெலியா உண்டு. வசதியற்றவருக்கே பொதுவெளி இன்றியமையாதது. மேலும், மாலையில் விளக்கெரியும் இடமும் உட்காரப் பலகையும் உள்ள ஒரே இடம் தவறணையாக இருக்குமானால், உழைத்துக் களைத்தவர் அங்கே போகிறார் என்று குறைகூற நமக்கு எவ்வளவு உரிமை உண்டு?

பேர்ச்சுக் கணக்கு

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். லயங்களுக்குப் பதிலாகத் தனிவீடு கட்டும் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் நிலம் என்ற அளவு அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. கரப்பந்து நம் நாட்டின் தேசிய விளையாட்டு. தோட்டத்து இளைஞருக்கு உயிரான விளையாட்டும் அதுவே. கரப்பந்துக் களம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடையது. அது ஏறத்தாழ ஆறரைப் பேர்ச். சுற்றிலும் மூன்று மீற்றர் இடம் விட்டால் 14 பேர்ச். அதாவது இரண்டே இரண்டு வீடுகளுக்குரிய நிலம். ஐம்பது வீடுகள் கொண்ட ஒரு புதிய குடியிருப்புக்கு 350 பேர்ச் நிலம் ஒதுக்கப்படுமாயின், அதனோடு 14 பேர்ச்சைச் சேர்ப்பது நூற்றுக்கு நான்கு பங்கு மட்டுமே. காற்பந்து மைதானம் கேட்டால் ஒன்றே முக்கால் ஏக்கர் சமதரை வேண்டும். எங்கள் சரிவுகளில் அது எளிதன்று. 14 பேர்ச் கிடைக்காது என்று எவரும் சொல்ல முடியாது. மலையை வெட்டிக் கல்லணை கட்டி வீடுகளுக்குத் தரை எடுக்கும்போதே அதையும் எடுத்துவிடலாம். வீடுகள் நிறைந்தபின் தேடினால்தான் கிடைக்காது.

சிறு வெளிகளின் ஆற்றலுக்கு உலகத்தில் நல்ல சான்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒல்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரத்தில் பிள்ளைகள் விளையாட இடமின்றித் தவித்தனர். அந்நகர சபையில் பணியாற்றிய அல்டோ வான் எய்க் என்னும் இளங்கட்டடக் கலைஞர் பெரிய பூங்காக்களைத் தேடி அலையவில்லை. இடிந்த வீட்டின் வெற்றிடம், வீதி கூடும் முனை, இரு சுவர்களுக்கு இடைப்பட்ட மூலை என எங்கெல்லாம் துண்டு நிலம் கிடந்ததோ அங்கெல்லாம் ஒரு மணற்குழி, சில தாண்டுகற்கள், ஏறி விளையாட இரும்புக் கம்பிகள், பெரியவர்களுக்கு ஒரு பலகை என அமைத்தார். 1947 இல் ஒன்று தொடங்கிற்று. அடுத்த முப்பதாண்டுகளில் அவை எழுநூறுக்கு மேற்பட்டன. அவற்றுட் பல, அக்கம்பக்கத்தார் தம் தெருவிலும் ஒன்று வேண்டுமென்று கேட்டதனால் எழுந்தவை. சபைக்கு வந்த கடிதங்களே அந்நகரத்தின் பூங்கா வரைபடத்தை வரைந்தன என்று கூறினும் பொருந்தும்.

மலைநாட்டில் திறந்த வெளிக்கு இன்னொரு பயனும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி எங்கள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறக்க முடியாது. உயிர் தப்பியவர்கள் தங்குவதற்குப் பாடசாலைகளே முதலில் கதவு திறந்தன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைமழை கொட்டும்போது, "வெளியேறுங்கள்" என்று எச்சரிக்கை வரும். வெளியேறி எங்கே நிற்பது? சரிவுக்குக் கீழும் இல்லாமல், ஓடைக்கு அருகிலும் இல்லாமல், யாவருக்கும் தெரிந்த ஒரு சமதரை ஒவ்வொரு குடியிருப்புக்கும் வேண்டும். நல்ல நாளில் பிள்ளைகள் விளையாடும் களம் ஆபத்து நாளில் குடும்பங்கள் கூடும் இடமாகும். விளையாட்டை வீண் என்று எண்ணுவோரும் இக்காரணத்தையாவது ஏற்பர்.

திறப்பு விழாவுக்குப் பின்

பூங்கா அமைப்பது எளிது, பேணுவதே அரிது. திறப்பு விழாவுக்கு நாடா உண்டு, மாலை உண்டு, பெயர் பொறித்த கல் உண்டு. மறுநாளிலிருந்து புல் வளர்கின்றது. புல்லுக்கு விழாக் கிடையாது. மலையகத்துச் சிறு பட்டினம் ஒன்றில் நான் கண்ட பிள்ளைகள் பூங்காவில் ஊஞ்சலும் சறுக்குப் பலகையும் புதிதாக இருந்தன. வாயிற்கதவில் பூட்டும் புதிதாக இருந்தது. சாவி ஓர் அலுவலகத்தில். அலுவலகம் மாலை நான்கு மணிக்கு மூடப்படும். சனி, ஞாயிறு விடுமுறை. பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைப்பதும் அவ்வேளைகளில்தான். ஆகவே ஊஞ்சல் துருப்பிடிக்கும் வரை புதிதாகவே இருந்தது!

எனவே எந்தப் பூங்காவும் திறக்கப்படுவதற்கு முன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் நான் கூறுவதுண்டு. புல்லை வெட்டுபவர் யார்? சாவி யாரிடம்? விளக்கு அணைந்தால் பணம் எங்கிருந்து? மலசலகூடத்தில் நீர் உண்டா? ஒன்று உடைந்தால் யாரிடம் சொல்வது? இவ்வைந்துக்கும் விடையில்லாத இடத்தில் பெயர்க்கல்லை நடாமல் இருப்பதே சிக்கனம்.

எங்கள் வானிலையை அறிந்து வேலை செய்வதும் பரிபாலனத்தின் ஒரு பகுதி. வாடைமழைக் காலத்தில் மைதானத்தின் மேல்மண் கழுவப்பட்டுப் போகும். ஊவாத் தேயிலைக்குப் புகழ் தரும் ஆடி, ஆவணி மாதத்து வறண்ட காற்றில் புல் காய்ந்து தரை வெடிக்கும். மழைக்கு முன் கான் வெட்ட வேண்டும். காற்றுக்கு முன் நிழல் மரம் நட்டு நீர் பாய்ச்ச வேண்டும். சரிவில் நீரோட்டமறிந்து கான் வெட்டும் கலையில் எங்கள் தோட்டத்து ஆண்களுக்கு நிகரானவர் யார்? ஓய்வுபெற்றபின் லயத்து வாசலில் சும்மா இருக்கும் அப்பெரியவர்களுள் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு நியமித்து, மைதானத்தை ஒப்படைத்துப் பாருங்கள். காவற்காரர் என்று அழைக்காமல் தோட்டக்காரர் என்று அழையுங்கள். விரட்டுவதற்கு நியமிக்கப்பட்டவர் விரட்டிக்கொண்டே இருப்பார். வளர்ப்பதற்கு நியமிக்கப்பட்டவர் பிள்ளைகளையும் வளர்ப்பார்.

வருமானத்தைப் பற்றியும் பேச வேண்டும். களியாட்ட விழாவுக்கும் கூட்டங்களுக்கும் மைதானத்தை வாடகைக்கு விடுவது குற்றமன்று. சபைக்குப் பணம் வேண்டும். ஆனால் பந்தற்கால் நட்ட குழிகளை மூடாமல் போகும் வழக்கத்தால் மறுவாரம் கால் பிசகும் பிள்ளைகள் எத்தனை பேர்! முற்பணம் வாங்குதல், குழி மூடிக் குப்பை அள்ளியபின் அதனைத் திருப்பிக் கொடுத்தல், ஓராண்டில் இத்தனை நாட்களுக்கு மேல் வாடகைக்கு விடுவதில்லை என்று வரையறுத்தல், வாடகைப் பணத்தை அம்மைதானத்துக்கே செலவிடுதல் ஆகிய நான்கு விதிகள் போதும். இங்கிலாந்தில் பெர்க்கன்ஹெட் நகரத்தார் 1847 இல் பொதுப் பணத்தில் பூங்கா திறந்தபோது, அதனைச் சூழ்ந்த காணிகளை வீட்டுக்கு விற்று அச்செலவை ஈடுசெய்ய முனைந்தனர். பூங்காவுக்கு எதிரேயுள்ள காணிக்கு விலை கூடும் என்ற எளிய உண்மையை அவர்கள் கண்டனர். வீடு கட்டுவோர் நெருங்கிவரும் எங்கள் ஊருக்கும் அவ்வுண்மை பொருந்தும்.

பாடசாலை மைதானங்களை மறத்தல் ஆகாது. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடுகின்றது. அதன்பின் இருள் சூழும் வரை அநேக மைதானங்கள் பூட்டிய கதவுக்குள் வெறுமையாகக் கிடக்கின்றன. அதிபர்களின் அச்சம் நியாயமானது. கண்ணாடி உடைந்தாலும் பிள்ளைக்குக் காயம் பட்டாலும் பழி அவர்களைச் சேரும். ஆனால் பாடசாலை, பிரதேச சபை, ஊர்ச் சனசமூக நிலையம் ஆகிய மூன்றும் கையெழுத்திட்டு நேரத்தையும் பொறுப்பையும் வகுத்துக்கொண்டால், புதிதாக ஒரு பேர்ச் நிலமும் வாங்காமல் ஊருக்கு ஒரு மைதானம் கிடைத்துவிடும்.

பெண்களுக்குரிய பொழுது

மைதானம் இருந்தாற் போதாது; அது யாருடையது என்பதும் வேண்டும். எங்கள் மலைகளில் மாலைக் கிரிக்கெட் ஆடும் இளைஞர் பத்துப்பேர் ஒரு மைதானம் முழுவதையும் தமதாக்கிக்கொள்கின்றனர். அவர்களைக் குறைகூறவில்லை, வேறு எவரும் வராத இடத்தில் அவர்கள் பரவுகின்றனர். ஆனால் மலையகத்தின் பொருளாதாரத்தை முதுகிலே சுமந்தவர்கள் பெண்கள். அவர்களுக்கும் அவர்தம் பெண்பிள்ளைகளுக்கும் அவ்வெளியில் அரைமணி நேரமும் இல்லையென்பது நீதியாகுமா?

கொழும்புக் காலிமுகத்திடலில் ஒரு கல் உண்டு. அவ்வுலாவிடத்தைத் தேசாதிபதி சர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தார். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலங்கருதி அதைப் பேணுமாறு தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளைக் கேட்டுக்கொண்டு அக்கல்லைப் பொறிப்பித்தார். அவர் மனத்திலிருந்த பெண்கள் யார் என்பது வேறு விஷயம். ஒரு பொதுவெளியின் முதல் உரிமையாளர் பெண்களும் பிள்ளைகளும் என்று கல்லில் எழுதியது நல்ல செயல். பின்வருவோரிடம் பரிபாலனத்தை ஒப்படைத்ததும் நல்ல செயல். பிள்ளைகளுக்கு விளையாடும் உரிமை உண்டென்று 1989 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சாசனம் கூறுகின்றது. இலங்கை 1991 இல் அதனை ஏற்றது. அச்சாசனத்தில் ஆண்பிள்ளை என்று தனியே குறிக்கவில்லை.

செய்ய வேண்டியவை பெரியன அல்ல. சனிக்கிழமை முற்பகல் வலைப்பந்துக்கென்று ஒதுக்கி, பலகையில் எழுதித் தொங்கவிடலாம். மைதானத்துக்குச் செல்லும் பாதையில் இரண்டு விளக்குகள் இடலாம். பூட்டாத, நீருள்ள மலசலகூடம் வேண்டும். ஓரத்தில் நாலு இருக்கைகள் இருந்தால் தாய்மார் வருவர், தாய்மார் இருந்தால் பெண்பிள்ளைகள் வருவர், அவர்கள் வந்தபின், "உனக்கென்ன வேலை?" என்று கேட்பவர் தாமே வாயடங்குவர்.

நகர வளர்ச்சி என்பது நதிபோன்றது. அதனை நிறுத்த இயலாது, கரை கட்டலாம். எங்கள் பட்டினம் இன்னும் முற்றிலும் நிரம்பிவிடவில்லை. கடைகளுக்குப் பின்னாலும் புதிய வீடுகளுக்கு நடுவிலும் ஓடைக்கரை மேட்டிலும் துண்டு நிலங்கள் இன்னும் கிடக்கின்றன. அவை இன்னும் பத்தாண்டுகள் அப்படியே கிடக்கமாட்டா. இப்பத்தியைப் படிக்கும் மாணவர்கள் தத்தம் ஊரில் அத்தகைய இடங்களைத் தேடி, அடியளந்து, ஒரு வரைபடம் வரையட்டும். இது யாருடைய நிலம் என்று கிராம உத்தியோகத்தரிடம் பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பெற்றோர் அவ்வரைபடத்தை மனுவோடு சேர்த்துப் பிரதேச சபைக்குக் கொண்டு செல்லட்டும். எங்கள் வகுப்பில் இவ்வேலையை ஆரம்பித்துவிட்டோம். இதுவரை ஏழு இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று மிகச் சிறியது; ஒரு சவுக்கு மரமும் அதன் அடியில் நாலு பேர் உட்காரத்தக்க தரையும் மட்டுமே அங்கே உண்டு. அதையும் வரைபடத்தில் சேர்க்கலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். சேர்க்கத்தான் வேண்டும் என்று வகுப்பு முழுவதும் முடிவு செய்தது.